ஐந்தருவியில் முப்பது நாற்காலிகளும் ஒரு ஹவுஸ் ஆல்பமும்

குற்றாலத்துக்கு ஜூனிலிருந்து ஆகஸ்ட்டுக்குள் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் பிப்ரவரியில், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போனேன். அருவியில் தண்ணீர் இருக்காது என்று தெரிந்துதான் போனேன். இந்தப் பதிவைப் படித்துவிட்டு நீங்களும் பிப்ரவரியில் கிளம்பினால் உங்களுக்கும் வலுவான காரணம் ஒன்று இருக்க வேண்டும். என்னுடைய காரணம் ஒரு பாட்டுத் தொகுப்பு.

ஹவுஸ் என்றொரு இசை வகை இருக்கிறது. எண்பதுகளில் சிகாகோவில் பழைய கிடங்கு ஒன்றில் ஆடியவர்களுக்காகப் பிறந்தது. வேறெங்கும் போக இடமில்லாதவர்கள் அங்கே விடிய விடிய ஆடினார்கள் என்று படித்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஏறக்குறைய நூற்றிருபது அடி, ஓர் அடியும் பிசகாமல் இயந்திர முரசு போகும். ஒன்று விட்டு ஒன்றில் ஒரு கைதட்டல். மேலே கொஞ்சம் பியானோ. பிறகு வந்தவர்கள் அதைக் கழுவித் துடைத்து, நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் போடும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆரம்ப காலத்துச் சத்தம் அப்படி இருக்காது. அதில் இரைச்சல் உண்டு, அவசரம் உண்டு, அடுத்த வீட்டிலிருந்து கேட்பதுபோல ஒரு தூரமும் உண்டு.

நவம்பரில், இணையத்தில் வேறு எதையோ தேடியபோது ‘ஆஃப் சீசன்’ என்ற ஆல்பம் கண்ணில் பட்டது. ஒன்பது பாட்டு, ஐம்பத்தெட்டு நிமிடம். அந்தப் பழைய சத்தத்தை மனதில் வைத்துப் புதிதாகச் செய்தது. செய்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘செங்கோட்டை பாசஞ்சர்’ என்று இருந்தது. மூன்று மாதம் தினமும் காலையில் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். வீட்டில் நான் ஒருவன்தான். இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை; கீழே வரும் செலவுக் கணக்கு ஒரு ஆளுக்கானது என்று புரிவதற்காகச் சொல்கிறேன்.

ஜனவரியில் ஆல்பத்தின் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு பகல் பதினொன்றரைக்கு, ஐந்தருவி சாலையில் ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், முழு ஆல்பமும் பெரிய ஸ்பீக்கரில் போடப்படும். அனைவரும் வருக. மதிய உணவு உண்டு. ‘அனைவரும்’ என்ற சொல்லை நம்பி டிக்கெட் எடுத்தேன்.

சென்னை எழும்பூரிலிருந்து தென்காசிக்கு நேரடி ரயில் இருக்கிறது. இரவு எட்டரைக்கு மேல் கிளம்பி, காலை ஏழே முக்காலுக்கு என்னை இறக்கிவிட்டது. ஸ்லீப்பருக்கு 415 ரூபாய். ஸ்டேஷன் வாசலில் டீ பன்னிரண்டு ரூபாய். குற்றாலம் ஆறு கிலோமீட்டர். பழைய பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்து போகிறது. ஐந்தருவி அங்கிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் என்பதால் ஆட்டோ பிடித்தேன். முந்நூறு சொன்னார், இருநூற்றைம்பதுக்கு வந்தார்.

“குத்தாலத்துல இப்பம் தண்ணி இல்லையே சார். எதுக்குப் போறீய?” என்றார் ஓட்டுநர்.

பாட்டுக் கேட்க என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “சென்னையில கரண்ட் இல்லியோ?”

இதற்குப் பிறகு ஐந்தருவி வரைக்கும் அவர் என்னிடம் பேசவில்லை. பயந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சீசன் இல்லாத குற்றாலத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நூற்றுக்கணக்கான கார்கள் நிற்பதற்காகச் சமப்படுத்திய மைதானத்தில் ஒரு மாடு நிற்கும். பழக்கடைகளில் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ‘இங்கே சோப்பு போடக்கூடாது’ என்ற பலகைக்குக் கீழே காய்ந்த பாறை. ஐந்தருவியில் அன்றைக்கு ஐந்தில் இரண்டு மட்டும் இருந்தன. அவையும் யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போனதுபோல ஒழுகிக்கொண்டிருந்தன. குளிக்க வந்தவர் ஒருவர், பாறையில் ஒட்டி நின்று முதுகை நனைத்துவிட்டுத் திரும்பி நின்று நெஞ்சை நனைத்தார். கூட்டம் இல்லாததால் அவசரப்படாமல் செய்தார்.

விடுதியில் அறை 700 ரூபாய். அதே அறை ஜூலையில் 2,500 என்று வரவேற்பில் இருந்தவர் வருத்தத்தோடு சொன்னார். அவருக்கு வருத்தம் எந்தத் தொகையைப் பற்றி என்று தெரியவில்லை. குளித்துவிட்டுப் பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன்.

முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசைக்கு ஆறாக, ஐந்து வரிசை. ஓரத்தில் கடப்பா கல் பதித்த நீளமான சாப்பாட்டு மேசைகள். ஒரு மேசையில் முப்பது பொட்டலங்கள். நடு வரிசையில், சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எனக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை.

அருள், வயது நாற்பத்து நான்கு. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிறு காலையில் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறார். செங்கோட்டை பாசஞ்சர் இவர்தான். மனைவி மஸ்கட்டில் நர்ஸ், போய் நான்கு வருடம் ஆகிறது. “வீட்டுக்கு வந்தா சத்தமே இருக்காது சார். அதான் இதை ஆரம்பிச்சேன்,” என்றார். ஆல்பத்தை முதலில் மனைவிக்குத்தான் அனுப்பியிருக்கிறார். ‘நல்லா இருக்கு’ என்று இரண்டு நிமிடத்தில் பதில் வந்ததாம். முதல் பாட்டே ஏழு நிமிடம்.

“எத்தனை பேர் வருவாங்கன்னு நினைச்சீங்க?” என்று கேட்டேன்.

“முப்பது. ஆல்பம் பக்கத்துல இருநூத்திச் சொச்சம் தடவை கேட்டதாப் போட்டிருந்தது.” கொஞ்சம் யோசித்தார். “அதுல பாதி நான்தான்.”

மீதிப் பாதியில் கணிசமான பகுதி நான் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு, பரிசோதனை முடிவைச் சொல்லும் அதே குரலில் ஒரு விஷயம் சொன்னார். “இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன் சார். ஒரு ஆளாவது இதுக்கு ஆடணும். ஆடலேன்னா நெட்டுலருந்து எடுத்துருவேன். தாளம் போடுத மெஷினை சர்ச்சுக்குக் குடுத்துருவேன். ஹவுஸ்னா ஆடணும். ஆடலேன்னா அது வெறும் சத்தம். வீட்டுல மிக்ஸி போட்டாலும் சத்தம் வரும்லா?”

“நீங்களே ஆடலாமே?”

“நான் ஆடினா அது கணக்குல வராது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் முப்பது நாற்காலிகளைப் பார்த்தேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று. இதுவரை ஆடியதில்லை. அக்கா மகன் கல்யாணத்தில் யாரோ கையைப் பிடித்து இழுத்தபோது முழங்கால் வலி என்றேன். முழங்காலில் எனக்கு எந்த வலியும் கிடையாது. ஒரு மனிதரின் நான்கு வருட வேலை என் இடுப்பை நம்பி நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒலிபெருக்கி ஏற்பாடு கீழப்பாவூரிலிருந்து வந்த சுடலைமுத்து அண்ணாச்சியுடையது. இந்தப் பக்கத்தில் இதை ரேடியோ செட் என்பார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் முப்பது வருடமாகச் செட்டுப் போடுகிறவர். உள்ளே இரண்டு பெரிய பெட்டி ஸ்பீக்கர் வைத்திருந்தார். அருள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அண்ணாச்சி மொட்டைமாடியில் இரண்டு குழாய் ஸ்பீக்கரையும், சாலையைப் பார்க்கக் கட்டியிருந்தார்.

“குழாய் வேண்டாம்னு சொன்னேனே அண்ணாச்சி,” என்றார் அருள்.

“வெளிய கேக்கலேன்னா அது என்னலே விசேஷம்? உள்ள இருக்கவன் எப்பிடியும் கேப்பான். அவனுக்கா செட்டு?”

சரியாகப் பதினொன்றரைக்கு, சிகாகோவின் ஆதி இசையைத் தழுவிய நிகழ்ச்சி பிள்ளையார் பாட்டோடு தொடங்கியது. முதல் பாட்டு வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்பது அண்ணாச்சியின் விதி. பாட்டு முடிந்ததும் மைக்கை எடுத்தார்.

“இவ்விழாவிற்கு, சென்னை நங்கநல்லூரிலிருந்து, வருகை தந்திருக்கும், திரு. சுந்தரம் அவர்களை, விழாக் குழுவினர் சார்பாக, வருக வருக என வரவேற்கிறோம்.”

என் பெயர் மொட்டைமாடிக் குழாயில் ஏறி, காலி மைதானத்தைத் தாண்டி, மலையில் மோதித் திரும்பி வந்தது. விழாக் குழுவினர் என் பக்கத்து நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஆல்பம் தொடங்கியது. முதல் பாட்டில் ஒன்றரை நிமிடத்துக்கு முரசு மட்டும்தான். தும், தும், தும், தும். ஹெட்போனில் நூறு முறை கேட்டிருந்தாலும், நெஞ்சில் வந்து இடிக்கும்போது வேறாக இருந்தது. நாற்காலியின் பிளாஸ்டிக் அதிர்ந்தது. நாற்பதாவது விநாடியில் அண்ணாச்சி மிக்சரைத் தட்டினார். ஐம்பதாவது விநாடியில் பென்டிரைவைப் பிடுங்கி, வாயால் ஊதி, வேட்டியில் துடைத்து, திரும்பச் செருகினார். மறுபடியும் தும், தும், தும், தும். “மாட்டிக்கிட்டு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டாவது பாட்டுக்குப் போனார். அதுவும் மாட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதுக்குப் போனார்.

இப்படி ஒன்பது பாட்டும் பதினோரு நிமிடத்தில் முடிந்தன. நான் ஏன் எழுந்து சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். கூட்டத்தில் உட்கார்ந்து பழகிய புத்தி. அருள் ஏன் சொல்லவில்லை என்றால், முப்பது வருடம் செட்டுப் போட்ட அண்ணாச்சியிடம் போய் ‘தப்பு’ என்று சொல்ல அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு நாக்கு வராது. அவர் தரையில் ஓடும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவதாக, சபை களையிழந்து இருக்கக் கூடாதென்று, அண்ணாச்சியே தன் பையிலிருந்து ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டார். அதற்குமேல் பொறுக்க முடியாமல் நான் எழுந்து போனேன்.

“அண்ணாச்சி, பென்டிரைவ் நல்லாத்தான் இருக்கு. பாட்டே அப்படித்தான்.”

“எப்பிடி?”

“ஒரே அடி திரும்பத் திரும்ப வரும்.”

“எம்புட்டு நேரம்?”

“ஏழு நிமிஷம்.”

அண்ணாச்சி என்னை விட்டுவிட்டு அருளைப் பார்த்தார். “ஏலே அருளு, சார் சொல்லுதது நெசமா?”

“ஆமா அண்ணாச்சி.”

“வேணும்னேவா செஞ்ச?”

“ஆமா.”

“ஒன் அப்பன் எவ்வளவு அருமையாப் பாடுவான். ஒரே எடத்துல நிக்கதப் போயி பாட்டுன்னு சொல்லுத. முன்னாலயே சொல்லித் தொலைச்சா என்ன? நான் முப்பது வருசமா செட்டு போடுதேன், ஒரு நாள் எம் பென்டிரைவு மாட்டுனது கெடையாது. இப்பம் ரோட்டுல போறவன் என்ன நெனைப்பான்? சொடலைமுத்து செட்டு ரிப்பேருன்னுல்லா நெனைப்பான்!”

சாலையில் யாரும் போகவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் கவலையில் நியாயம் இருந்தது. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: ஆல்பத்தை முதலிலிருந்து முழுதாகப் போடுவார், ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், இது பழுதல்ல என்று மைக்கில் சொல்வார். சொன்னார். “அன்பான பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. இப்போது வரும் பாடல் இப்படியேதான் இருக்கும். செட்டில் கோளாறு இல்லை.” இசை விமர்சனம் என்று நான் படித்ததில் இவ்வளவு துல்லியமான வாக்கியம் குறைவு.

மணி பன்னிரண்டேகால். முதல் பாட்டு முழுதாக ஓடியது. பியானோ வருகிற இடத்தில், ஆடிவிடலாம் என்று எழுந்து நின்றேன். அருளின் முகம் மாறியது; நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான் இரண்டு அடி எடுத்து வைத்தேன். அந்த இரண்டு அடியும் தண்ணீர் கேன் பக்கமாகப் போயின. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். தாகமே இல்லாததால் மெதுவாகக் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அருள் கூடத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் பலரை ஏமாற்றியிருக்கிறேன். தண்ணீர் குடித்து ஏமாற்றியது அதுவே முதல் தடவை.

இரண்டாவது பாட்டு ஓடும்போது வாசலில் நான்கு பேர் வந்து நின்றார்கள். இடுப்பில் கைலி, தோளில் துண்டு, கையில் எண்ணெய்ப் பாட்டில். அருவியில் மசாஜ் செய்கிறவர்கள். காலையிலிருந்து ஓர் ஆள்கூடக் கிடைக்காமல் மரத்தடியில் இருந்திருக்கிறார்கள். மொட்டைமாடிக் குழாயிலிருந்து பிள்ளையார் பாட்டு கேட்டதும், இங்கே ஏதோ விசேஷம், விசேஷம் என்றால் பந்தி என்று முடிவுசெய்து, நாகரிகமாக முக்கால் மணி நேரம் கழித்து வந்திருக்கிறார்கள்.

மூத்தவர், ஐம்பது வயது இருக்கும், பேச்சிமுத்து என்று பெயர். “என்ன விசேஷம் அண்ணாச்சி?” என்று சுடலைமுத்துவிடம் கேட்டார்.

“பாட்டுக் கேக்காவ.”

“சரி. பொறவு?”

“அம்புட்டுதான்.”

“பாட்டுக் கேக்கதுக்கா சோறு போடுதாவ?” பேச்சிமுத்து பொட்டலங்களை எண்ணினார். பிறகு எங்கள் இருவரையும் எண்ணினார். “நல்ல விசேஷமால்லா இருக்கு. மாசா மாசம் உண்டுமா?”

அருள் எழுந்துபோய் அவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம். எலுமிச்சைக்குப் பெயர்போன புளியங்குடிப் பழம் என்பதால் புளிப்பு நின்று பேசியது. ஆளுக்கு இரண்டு பொட்டலம் சாப்பிட்டார்கள். பாட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. மழை பெய்யும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டார்கள்.

நான்காவது பாட்டில் ஒரு விசில் வரும். பழைய ஹவுஸ் பாட்டுகளிலும் விசில் உண்டு. ஆடுகிறவர்கள் உற்சாகத்தில் ஊதுவது. அருளின் பாட்டில் அதை நூறு தடவையாவது ரசித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த விசில் ஸ்பீக்கரில் வந்த கணத்தில் நான்கு பேரும் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். பேச்சிமுத்து எச்சில் கையோடு என் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

“எந்திரிங்க சார், எந்திரிங்க! தண்ணி வருது!”

அருவியில் திடீர் வெள்ளம் வந்தால் போலீஸ் விசில் அடித்துத்தான் எல்லோரையும் வெளியேற்றும். நால்வரும் ஜன்னலுக்கு ஓடி மலையைப் பார்த்தார்கள். மலை சும்மா இருந்தது. இரண்டு அருவியும் முன்போலவே ஒழுகின.

“அது பாட்டுண்ணே,” என்றார் அருள். “போன வருசம் சீசன்ல இங்கன நின்னு ரெக்கார்டு பண்ணது.”

“பாட்டுல எதுக்குவே விசில் அடிக்கீரு? உசிரு போயிட்டு.” பேச்சிமுத்து திரும்ப உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு நிறுத்தினார். “அது அந்த நெட்டை ஏட்டுல்லா? கடைசில ஒரு இழுப்பு இழுப்பாரு. திரும்பப் போடும்.”

அண்ணாச்சி திரும்பப் போட்டார். விசில் வந்தது. “அவருதான்!” என்றார் பேச்சிமுத்து. மற்ற மூவரும் ஆமாம் என்றார்கள். “மாத்தலாயிப் போயிட்டாரு. நல்ல மனுசன். எங்களை வெரட்ட மாட்டாரு.” அந்தப் பாட்டை மூன்று மாதம் தினமும் கேட்டவன் நான். அந்த விசிலுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அருள் பேச்சிமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டுக் கைகழுவி வந்த பேச்சிமுத்து என்னைக் கண்ணால் அளந்தார். “சும்மாதான இருக்கீய? எண்ணெய் போட்டு விடட்டுமா சார்? நானூறு வாங்குதது. சோறு போட்டிருக்கீய, இருநூறு தாங்க.” சோறு போட்டது நானில்லை. ஆனாலும் சம்மதித்தேன். ஆடுவதற்கு மட்டும்தான் எனக்குக் கூச்சம்; முப்பது நாற்காலிகளுக்கு முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் குப்புறப் படுக்கக் கூச்சமில்லை. மனித சுபாவத்தைப் பற்றி இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடப்பா கல் சில்லென்று இருந்தது. முகத்தை மேசை விளிம்புக்கு வெளியே வைத்துக்கொண்டேன். ஐந்தாவது பாட்டு தொடங்கியது. பேச்சிமுத்து முதலில் நீவினார், பிறகு தட்ட ஆரம்பித்தார். முதல் இரண்டு நிமிடம் அவர் கை ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போயின. மூன்றாவது நிமிடத்தில் எப்போது என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. முரசுக்கு ஒரு குத்து, கைதட்டலுக்கு ஓர் அறை. அண்ணாச்சிக்குக் கோளாறாகத் தெரிந்த அந்த மாறாத அடி, இவருக்கு வேலை செய்யும் வேகமாக இருந்தது. ஆறாவது பாட்டின் நடுவில் பியானோ வந்தபோது அறைகள் இன்னும் தள்ளி, தோள்வரை போய்த் திரும்பின.

அந்த நிலையில் எனக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது. தரையில் அவருடைய பாதங்கள் தெரிந்தன. அவை ஆடிக்கொண்டிருந்தன. வலது, இடது, வலது, இடது. நடுவில் குதிகாலைத் தூக்கி ஒரு திருப்பு. பிறகு ஓர் அடி பின்னால் போய், சரியான இடத்தில் திரும்பி வந்தது. மேலே உடம்பு வேலை பார்த்தது. கீழே கால்கள் விடுமுறையில் இருந்தன. மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அருளுக்கு இது தெரிய வழியில்லை. கூடத்தில் அதைப் பார்க்கும்படியான இடத்தில் இருந்தது நான் ஒருவன்தான்.

ஒன்பது பாட்டும் முடிந்தபோது மணி ஒன்றரை. எழுந்து உட்கார்ந்து, எண்ணெய் ஒழுகும் காதோடு அருளிடம் சொன்னேன்: “இவர் ஆடினார்.”

“யாரு? நானா?” என்றார் பேச்சிமுத்து. “நான் சோலியில்லா பாத்தேன்.”

“கால் ஆடிச்சு. நான் பார்த்தேன்.”

“கால் வலிச்சா மாத்தி நிக்கமாட்டாவளா சார்? கோட்டிக்காரனா நான், பட்டப்பகல்ல ஆடதுக்கு?”

குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்கிறார். சாட்சி ஒருவர், அதுவும் குப்புறப் படுத்திருந்தவர். அருள் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லும் தோரணையில் ஒயரைச் சுருட்டினார். “ஆட்டம்னா ஆளு தெரியணும்லே. இது ஆட்டமில்ல.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா அவன் தாளம் தப்பல,” என்றார்.

அருள் தலையசைத்தார். அவர் வைத்த விதி அவருக்குத் தெரியும். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் பேச்சிமுத்து கைலி மடிப்பிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார்.

“தம்பி, இதை இதுல ஏத்திரும்.”

“எதை?”

“இந்தப் பாட்டைத்தான். சீசன்ல பக்கத்துல போட்டுக்கிட்டு வேலை பாக்கலாம்லா. மத்த பாட்டுன்னா நடுநடுவுல நின்னு நின்னு போகும், கை தட்டுக்கெட்டுரும். இது அப்பிடியே போகுது. ஒரு ஆளை முடிச்சிட்டு அடுத்த ஆளுக்கு அப்பிடியே போயிரலாம்.” பிறகு, “அந்த ஏட்டு விசில் இருக்கது முக்கியமா வேணும்,” என்றார்.

மற்ற மூன்று போன்களும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது பாட்டு, புளூடூத் வழியாக. ஒரு போனில் இடமில்லாமல், அதன் உரிமையாளர் யாருடைய கல்யாண வீடியோவையோ அழித்துவிட்டு இடம் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அருள் நிதானமாக, ரத்தம் எடுப்பவருக்குரிய பொறுமையோடு செய்தார்.

அவர்கள் போனபின் நாலரைக்கு அருள் தன் போனில் ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தார்.

“எடுக்கப் போறீங்களா?” என்றேன். “அதான் நாலு பேர் கேட்டு வாங்கிட்டுப் போறாங்களே.”

“அதுனாலதான் சார். நெட்டுல யாரு கேக்கான்னு எனக்குத் தெரியல. யாரோ தெனமும் காலையில அஞ்சரைக்கு ஒருத்தர் கேட்டிருக்காரு. மூணு மாசமா. அவரு யாரு, எதுக்குக் கேக்காருன்னு நான் நெனைச்சு நெனைச்சுப் பாத்திருக்கேன். இவங்களன்னா தெரியும். எங்க இருப்பாங்க, எதுக்குக் கேப்பாங்கன்னு தெரியும்.”

காலை ஐந்தரைக்குக் கேட்டவர் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், எதற்குக் கேட்டேன் என்று அடுத்த கேள்வி வரும். அவர் அழித்தார். மெஷினைச் சர்ச்சுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். “இல்ல. ஜூனுக்குள்ள இன்னொண்ணு செஞ்சு குடுக்கணும். பேச்சிமுத்தண்ணன் ஒரு மணி நேரம் பத்தாதுங்காரு.” இருவருமாக முப்பது நாற்காலிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினோம். உங்கள் போனிலும் பாட்டை ஏற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று ரயிலில் யோசித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் மறுபடியும் நான் ஒருவன்தான் கேட்பேன். அந்த ஆல்பம் அதிலிருந்து ஒரு வழியாகத் தப்பித்திருக்கிறது; நான் போய் இழுத்து வருவது நன்றாக இருக்காது.

காலை நடை இப்போதும் உண்டு. காதில் எதுவும் இல்லை. பால் வண்டிச் சத்தம் கேட்கிறது.

இதே பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில விவரங்கள். மொத்தச் செலவு எனக்கு 2,300 ரூபாய்க்குள் முடிந்தது. சீசனில் இரண்டு மடங்குக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அறையை முன்பதிவு செய்யாமல் ஜூலையில் போகாதீர்கள். ஐந்தருவிக்கு ஆட்டோவை முந்நூறில் தொடங்குவார்கள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் குளிக்க என்று சொல்லுங்கள். ‘ஆஃப் சீசன்’ ஆல்பத்தை இணையத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காலை எட்டு மணிக்குமேல், அருவிக்கு ஏறும் படியின் வலது பக்கம் பேச்சிமுத்து இருப்பார். அருள் பாட்டைப் போடச் சொல்லுங்கள். சாதாரண மசாஜ் இருபது நிமிடம் என்பதால் மூன்று பாட்டுக்குமேல் கேட்க முடியாது. முழு ஆல்பமும் வேண்டுமென்றால் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய துண்டு கொண்டுபோங்கள். எண்ணெய் பட்டால் போகாது.

படுக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்வார். கழற்றாதீர்கள். குப்புறப் படுத்து, மூன்றாவது நிமிடம் வரை பொறுத்து, கீழே பாருங்கள். பார்த்ததை அவரிடம் சொல்ல வேண்டாம்; இல்லை என்பார்.